பாத்தாச்சு

சுடலைமுத்து அந்த ஆளைத் தள்ளியதை ஊரே பார்த்திருந்தது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே வண்டிகளுக்குக் காத்துப் பிடிக்கிற மூலையில், காக்கிச் சட்டை போட்ட சுடலை ஒருவரின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுகிறான். அவர் மல்லாக்க விழுந்து, சிமெண்டு விளிம்பில் பின்மண்டை அடிபட்டுச் சாகிறார். படம் அத்தனை தெளிவு, சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம். ஒரே ஒரு சங்கடம்தான். அந்த மூலையைப் பார்க்கிற கேமராவே அங்கே கிடையாது.

கேமரா பார்க்காத இடத்தை 'நிரப்பி' என்கிற கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கடை, பங்க் எல்லாவற்றிலும் கேமரா வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, நடுவில் விட்டுப்போன சந்துபொந்துகளுக்காகக் கொண்டுவந்தது அது. ஒரு ஆள் இந்தக் கேமராவிலிருந்து மறைந்து அடுத்த கேமராவில் தலைகாட்டுவதற்குள் என்ன செய்திருப்பான்? தரையில் விழுந்த நிழல், கார்க் கண்ணாடியில் தெரிந்த பிம்பம், அதற்கு முன் பேசிய பேச்சு, பின் நடந்த நடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நிரப்பி அதைப் படமாக்கித் தந்துவிடும். கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. மனுஷ சாட்சி மறப்பான், பயப்படுவான், துட்டு வாங்கிக்கொண்டு மாற்றிச் சொல்வான். நிரப்பிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனால் சாட்சிக் கூண்டுகளில் இப்போது தூசிதான் ஏறி நிற்கிறது.

ஜெபக்கனி அந்த பங்க்கில் வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கேமராவை எங்கே வைப்பது என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. இந்த வட்டாரத்தில் கடை கடையாக, பங்க் பங்க்காக அவள் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட இடத்தில்தான் கேமராக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இன்று மதியம் சுடலையின் வழக்கு விசாரணைக்கு வருகிறது. தீர்ப்புக்கு முன்னால், கேமராக்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன என்று இடம் குறித்தவர் உறுதி தர வேண்டும். ஆபீஸ் கொடுத்த டேப்லெட்டில் 'பார்த்தாச்சு' என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்த யாரும் நேரில் வருவதில்லை, ஆபீஸ் மின்விசிறிக்குக் கீழே டீ குடித்துக்கொண்டே அழுத்துவதுதான் வழக்கம். அவளும் அப்படித்தான் இதுவரை அழுத்தியிருந்தாள். இன்று அழுத்தினால் சுடலைமுத்துவுக்கு ஆயுள் தண்டனை.

அவளை வெயிலில் இழுத்து வந்தது ஒரு பூசணிக்காய்.

முந்தின நாள் வழக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரப்பி வரைந்ததை விட்டுவிட்டு, மூன்றாவது கேமரா நிஜமாகவே எடுத்த பகுதியை ஓட்டியபோது, ஓரத்தில் ஏதோ ஆடியது. பங்க் கூரையில் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிட்ட பூசணிக்காய், பாதி மீசையும் ஒரு முட்டைக் கண்ணுமாக. அவள் குறித்த இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. நடுவில் டியூப்லைட் பெட்டி மறைக்கும். அன்றைக்கு அது இடைஞ்சலாக இருக்கிறதே என்று அவளே அலுத்துக்கொண்டது நன்றாக ஞாபகம் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காத்துப் பிடிக்கிற மூலையைக் கேமரா பார்க்காமல் விட்டது அவள். மறந்து விட்டதில்லை, வேண்டுமென்றே விட்டது. பங்க்கில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு உட்கார்ந்து சாப்பிட, செருப்பைக் கழற்றிக் காலை நீட்ட, யார் கண்ணிலும் படாமல் ஒரு நிமிஷம் சும்மா இருக்க ஓர் இடம் வேண்டாமா என்று நினைத்தாள். அப்போது நிரப்பி வரவில்லை. அவள் இரக்கப்பட்டு விட்ட அந்த ஆறடி இடத்தில்தான் இப்போது ஒரு கொலை வரையப்பட்டிருக்கிறது.

பம்பில் பேச்சியம்மாள் ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு, தலையில் கம்பெனித் தொப்பி. "ஜீரோ பாத்துக்கோங்க" என்றாள். பைக்காரன் செல்போனிலிருந்து நிமிராமல் "பாத்தாச்சு" என்றான். இந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. யார் பார்த்தது என்பது அதில் கிடையாது. யாருமே பார்க்காவிட்டாலும் பார்த்தாகிவிடும்.

அன்றைக்குச் சண்டை தொடங்கியதும் இதில்தான் என்று பேச்சி சொன்னாள். சுடலை ஜீரோவைக் காட்டினான், அந்த ஆளும் பாத்தாச்சு என்றார், போட்டு முடித்ததும் நான் எங்கே பார்த்தேன் என்று சட்டையைப் பிடித்தார். சுடலை விலகி, காத்துப் பிடிக்க நின்ற வேறொரு வண்டியைப் பார்க்க அந்த மூலைக்குப் போனான். அவர் கத்திக்கொண்டே பின்னால் போனார். அதற்கு மேல் பேச்சி சொல்லவில்லை. படத்தில்தான் இருக்கே என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெண்கள் இப்போது எங்கே சாப்பிடுகிறார்கள் என்று ஜெபக்கனி கேட்டாள். பேச்சி இரண்டாவது கேமராவுக்கு நேர் கீழே, கொதிக்கிற தரையைக் கை காட்டினாள்.

"மூலையில போய் உக்காந்தா அது என்னத்தையாவது வரைஞ்சிருதுக்கா. மருந்துக்கடைப் பிள்ளைய முதலாளியோட சேத்து வரைஞ்சு, நிச்சயமே நின்னுபோச்சு. நாங்க கண்ணு முன்னாலயே உக்காந்து தின்னுட்டுப் போறோம்."

ஜெபக்கனிக்குச் சுருக்கென்றது. மூன்றாவது கேமராவுக்குக் கீழே போய் நின்றாள். அது அவள் குறித்த இடத்திலேயே இருந்தது. டேப்பில் அது இப்போது பார்ப்பதைத் திறந்தாள். டியூப்லைட் பெட்டி தெரிந்தது, பூசணிக்காய் தெரியவில்லை. ஆனால் கேமராவுக்குத் தெற்கே சுவர் மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு மாற்று வெளுப்பாக, பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது.

பங்க் முதலாளி அணைந்தபெருமாள் அண்ணாச்சி தன் அறையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பற்றி அவள் வாயெடுத்ததும் தம்ளரைக் கீழே வைத்தார். முதலில் ஒன்றுமே தெரியாது என்றார். பூசணிக்காயைச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அது ஈசானிய மூலை தாயி. ஈசானியத்துல ஒரு கண்ணு எந்நேரமும் முழிச்சிக்கிட்டே இருந்தா யாவாரம் எப்படி நிக்கும்? வாஸ்துக்காரரு ஒரு முழம் தெக்க தள்ளச் சொன்னாரு. தள்ளுனேன். அந்த ஆளு செத்ததும் பயந்துபோயி மறுநாளே பழைய இடத்துல மாட்டிட்டேன்."

கேமராவை நகர்த்தினால் பங்க் லைசென்ஸ் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். அண்ணாச்சி அதையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு முழத்தில் என்ன கெட்டுப்போகும், திருப்பி வைத்தபோது திரையில் அதே பம்பு, அதே தூண், அதே போர்டுதான் தெரிந்தது என்றார். ஜெபக்கனி தன் ஆட்காட்டி விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஒரு கண்ண மூடிட்டு இதப் பாருங்க அண்ணாச்சி. இப்ப அந்தக் கண்ணத் திறந்து மத்தத மூடுங்க. விரல் நகந்த மாதிரி இருக்குல்ல? விரல் நகரல. பாக்கிற கண்ணுதான் மாறிச்சு. கண்ணு மாறினது நிரப்பிக்குத் தெரியாது. அது ஆளை நகத்திட்டுது. எட்டி நின்ன சுடலைய அந்த ஆளு நெஞ்சுக்கு நேரே கொண்டாந்து நிறுத்திட்டுது."

அண்ணாச்சி கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மூடிக்கொண்டார்.

"சரி, அன்னைக்குக் கேமரா சரியா எங்க இருந்துச்சு? அந்த இடத்தக் காட்டுங்க" என்றாள் ஜெபக்கனி.

"அதான் சொன்னேனே, ஒரு முழம்."

"யாரு முழம்?"

எலக்ட்ரீசியன் துரைப்பாண்டியின் முழம். அவன் அளவுநாடா வைத்து அளக்கவில்லை, கையைச் சுவரில் வைத்து அளந்து ஆணி அடித்தான். அந்தத் துளையை அண்ணாச்சி அடைத்துப் பூசி மறைத்துவிட்டார். துரைப்பாண்டி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், போன் நம்பர் மாறிவிட்டது. ஆள் நெட்டையா குட்டையா என்று கேட்டதற்கு நடுத்தரம் என்றார். ஒரு மனிதனின் ஆயுசு ஓர் எலக்ட்ரீசியனின் முழங்கையில் வந்து நிற்கும் என்று ஜெபக்கனி எதிர்பார்க்கவில்லை. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "இப்ப இருக்க இடம் நீ குறிச்ச இடம்தான? அத அப்படியே உறுதி குடுத்துட்டுப் போ. அதுல பொய்யே இல்லையே. நான் மட்டுமா தள்ளுனேன்? அதே வாஸ்துக்காரர்தான் இந்த ரோட்டுல நகைக்கடை, மருந்துக்கடை, மத்த பங்க்கு எல்லாத்துக்கும் பாத்தாரு. ஒருத்தன் ஒரு முழம், இன்னொருத்தன் ரெண்டு சாணு. யாரு சும்மா இருக்கா?"

ஜெபக்கனி அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடைகளின் படங்களை வைத்தும் வழக்குகள் நடந்திருக்கின்றன. உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பார்த்தாச்சு அழுத்தியது அவள் விரல்.

வெளியே வந்து மேலதிகாரி எட்வினுக்குப் போன் செய்தாள். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இதற்கு ஏன் இவ்வளவு பதறுகிறாய், ஒரு முழம் என்றால் ஒன்றரை அடி, அதைப் போட்டு நிரப்பியை மறுபடி ஓட்டு, படம் மாறினால் மாறின படத்தைக் கோர்ட்டுக்குக் கொடு, ஆள் வெளியே வந்தால் நல்லதுதானே என்றார். மற்றக் கடைகளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்றார். அதை இரண்டு முறை சொன்னார்.

காத்துப் பிடிக்கிற மூலையில், தகர நிழலில் உட்கார்ந்து டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சி வந்து பின்னால் நின்றாள். ஒன்றரை அடி என்று போட்டு ஓட்டினாள்.

நிரப்பி வரைந்தது. கத்திக்கொண்டே வந்த ஆள் சட்டென்று தன் நெஞ்சைத் தானே பிடிக்கிறார், கண் செருகுகிறது, சாய்கிறார். தள்ளி நின்ற சுடலை பிடிப்பதற்காக இரண்டு கையையும் நீட்டுகிறான். எட்டவில்லை. முன்பு தள்ளிய அதே கைகள்தான், அதே சட்டை, அதே பொத்தான்கள். பேச்சி தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெபக்கனிக்கும் கண் நிறைந்துவிட்டது. படத்தைக் கோர்ட்டுக்கு அனுப்ப விரலைக் கொண்டுபோனாள்.

விரல் நின்றது. துரைப்பாண்டியின் கை கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால்?

அவள் நான்கு விரற்கடை கூட்டிப் போட்டாள். ஏன்தான் போட்டோமோ என்று அடுத்த நிமிஷமே நொந்துகொண்டாள். இந்தப் படத்தில் சுடலை இன்னும் எட்டத்தில் நிற்கிறான். அந்த ஆளுக்குப் பக்கத்தில் வேறொருத்தி நிற்கிறாள். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு, ஒரு கையில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. இன்னொரு கையால் அவரைத் தள்ளுகிறாள். அதே தெளிவு. அவளுடைய மூக்குத்திகூடத் தெரிந்தது.

பேச்சியின் அழுகை நின்றுபோயிருந்தது. ஜெபக்கனி அவசரமாகப் படத்தை மூடினாள். இது சும்மா, இது பிசகு, அளவை மாற்றினால் இது என்னவேண்டுமானாலும் வரையும் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அதுல நான் நிக்கிற இடம் சரிதாங்க்கா" என்றாள் பேச்சி. "செய்யுறதுதான் தப்பு."

ஜெபக்கனி மெல்லத் திரும்பினாள். மேலே ஏதும் கேட்பதற்குள் டேப் அலறியது. விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரை மூன்றாகப் பிரிந்தது. ஒன்றில் நீதிபதி. ஒன்றில் ஜெயிலிலிருந்து சுடலைமுத்து, தாடியும் குனிந்த தலையுமாக. மூன்றாவதில் ஜெபக்கனியின் முகமே, அதற்குக் கீழே பொத்தான். அரசு வக்கீல் குரல் மட்டும் கேட்டது. புது அளவில் ஒரு படம் வரும் என்று எட்வின் சொல்லியிருக்கிறார், அதைச் சமர்ப்பித்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் வக்கீல்.

எல்லோருக்கும் நல்லதாக முடித்துவிடலாம். இரண்டாவது படத்தை அனுப்பி, பொத்தானை அழுத்தினால் போதும். சுடலை சாயங்காலமே வீட்டுக்குப் போவான். அளவுப் பிழை என்று எழுதிவிட்டால் அண்ணாச்சியின் லைசென்ஸும் தப்பும். பேச்சியை யாரும் தேட மாட்டார்கள். ஜெபக்கனியின் வேலையும் இருக்கும். நாளைக்கு யாரோ ஒருவர் நான்கு விரற்கடை கூட்டிக் கேட்கிறவரை இருக்கும். அதுவரைக்கும் அந்த ரோட்டில் உள்ள மற்றக் கடைகளால் உள்ளே போனவர்கள் உள்ளேயே இருப்பார்கள்.

நீதிபதி அடுத்த கட்டைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "இடத்தைப் பார்த்தாச்சா?"

"இல்லைங்க ஐயா. நான் பார்க்கலை" என்றாள் ஜெபக்கனி.

அவர் நிமிர்ந்தார். இந்தப் பதிலை அவர் கேட்டதே இல்லை போலிருந்தது. ஜெபக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். ஈசானிய மூலை, முழம், மஸ்கட் போன எலக்ட்ரீசியன். ஓர் அளவுக்கு ஒருவன் கொலைகாரன், இன்னோர் அளவுக்கு அவனே காப்பாற்ற வந்தவன், இன்னும் நான்கு விரல் தள்ளினால் கொலைகாரரே வேறு ஆள் என்றாள். இந்த ரோட்டில் உள்ள மற்றக் கடைகளையும் சொன்னாள். தன் அறை ஜன்னலில் நின்று கேட்ட அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். போனில் எட்வின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் எடுக்கவில்லை.

"அந்த மூலையக் கறுப்பா விட்டுருங்க ஐயா. யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான் நான் அத விட்டேன். யாரும் பார்க்கவும் இல்ல."

"கறுப்பை வைத்துக்கொண்டு நான் எப்படித் தீர்ப்பு எழுதுவதும்மா?" நீதிபதி கோபப்படவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அப்போது ஜெபக்கனிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு டேப்பைத் தன் பக்கம் திருப்பியது. பெட்ரோல் வாடை அடித்தது.

"பேச்சி, நீ சும்மா இரு." ஜெயில் திரையில் சுடலைமுத்து தலை நிமிர்ந்திருந்தான். இத்தனை மாதத்தில் அவன் தள்ளவில்லை என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பேச்சிக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாய் தானாகப் பழகிய பேச்சுக்குப் போனது. "பாத்துக்கோங்க சார்" என்றாள். நீதிபதியின் உதடும் பழக்கத்தில் ஒரு பதிலுக்குக் குவிந்தது. சொல்லாமல் நிறுத்தி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

"அந்தச் செவுத்துக்கு ஓரமா நான் சாப்பிட்டுட்டு எந்திரிச்சேன் சார். டப்பா கழுவுன தண்ணிய அங்கனயே ஊத்துனேன். எண்ணெய்ப் பசைத் தரை. அவரு கத்திக்கிட்டே வந்தாரு, என் தண்ணியில கால வச்சாரு, வழுக்கிட்டாரு. சுடலை அண்ணன் பிடிக்கத்தான் கைய நீட்டுனாரு. எட்டல. தண்ணி ஊத்துனது நான்னு சொன்னா என்னையப் பிடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு அண்ணன் வாயவே தொறக்கல."

"நீ ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"எங்கிட்ட யாருமே கேக்கல சார். படம் இருக்குன்னுட்டாங்க. எனக்கும் பயம். ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன். சொல்லாம இருந்தது என் தப்புதான்."

தண்ணீர் எந்தப் படத்திலும் இல்லை. மூன்று முறை வரைந்தும் நிரப்பிக்கு அது தோன்றவே இல்லை. ஒரு டப்பா கழுவின தண்ணீருக்கு நிழல் விழாது, வெயில் அதைக் கொஞ்ச நேரத்தில் குடித்துவிட்டிருக்கும். ஜெபக்கனி தான் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தாள். பேச்சி சொல்வது உண்மைதான் என்பதற்கு அவளிடம் ஓர் அத்தாட்சியும் இல்லை. இருந்தாலும் நம்பினாள். நம்புவது என்ற வேலையை விட்டு எவ்வளவு காலமாயிற்று என்றுதான் அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

அரசு வக்கீல் ஏதோ தொடங்கியபோது நீதிபதி கையமர்த்தினார். இன்று தண்டனை இல்லை, நிரப்பியின் படங்கள் மூன்றும் தள்ளுபடி, சுடலைமுத்துவை ஜாமீனில் விடுவது என்றார். பேச்சியம்மாள் நேரில் வந்து கூண்டில் ஏறி இதையே சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும், அதனால் அவளுக்கு என்ன வந்தாலும் வரும் என்றார். பேச்சி சரி என்று தலையாட்டினாள். ஜெயில் திரையில் சுடலை முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் கண்ணைத் துடைத்தான்.

நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தர் பேச்சி சொன்னதைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருந்தார். தயங்கினார். சாட்சி என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் அச்சாக வருகிறது ஐயா, வேறு எதையும் அது வாங்க மாட்டேன் என்கிறது என்றார். என்ன சொல் என்று நீதிபதி எட்டிப் பார்த்தார். 'பார்த்தாச்சு' என்றிருந்தது.

"அதை விடுங்கள். ஒரு தாளை எடுங்கள்" என்றார். "பேச்சியம்மாள் ஆகிய நான் பார்த்தேன் என்று கையால் எழுதுங்கள்."